செல்வியின் சுங்குடிச் சேலை

கம்பத்தில் சின்னதாக வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். ஓடைப்பட்டித் திராட்சை விவசாயி ஒருவர், மனைவியின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு வீடியோ செய்யச் சொல்லி வந்தார். தலைப்பில் 'செல்வி' என்ற பெயர் முப்பரிமாண எழுத்தில் வர வேண்டும். எழுத்தின் மேற்பரப்பு, மனைவி கடைசியாகக் கட்டிய சுங்குடிச் சேலை மாதிரியே இருக்க வேண்டும் என்று சொல்லி, சேலையையும் தந்துவிட்டுப் போனார்.

சேலை கசங்கி, மஞ்சள் கறையோடு இருந்தது. படமெடுத்து எழுத்தின்மேல் பொருத்தினால் அழுக்காகத் தெரிந்தது. அதனால் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி படமெடுத்தேன். இந்த முறை எழுத்தில் ஒவ்வொரு நூலும் தெரிந்தது. பெருமையாக அவரை வரச் சொன்னேன்.

திரையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சேலையை வாங்கி முகத்தில் வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, தொவச்சுட்டீகளா?"

"கறையா இருந்துச்சுண்ணே..."

"அவ வாசம் இதுல மட்டுந்தாம்மா இருந்துச்சு. ஒரு வருசமா தண்ணி படாம வச்சிருந்தேன்."

பைத்தியக்காரி மாதிரி, துவைத்த வாளியையும் இஸ்திரி போட்ட விரிப்பையும் எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது. காலில் விழப்போன என்னைத் தடுத்து, "நீங்க வேணுமின்னேவா செஞ்சீக? விடுங்கம்மா" என்றார். சேலையை நெஞ்சோடு அணைத்தபடி பஸ் ஏறினார்.

எழுத்து நிஜமாகத் தெரிய வேண்டும் என்றே இரண்டு நாள் உழைத்தேன். துவைக்கட்டுமா என்று ஒரு போன் போட்டுக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.