எழுத விடாத டி டிரைவ்

கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிய பிறகும் இறங்கி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஜெயங்கொண்டத்தில் தோழியும் நானும் சேர்ந்து கல்யாணப் பத்திரிகை, லெட்டர்பேடு எல்லாம் அடிக்கிற கடை வைத்தபோது, அவள் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதுதான் எனக்குத் தைரியம். என்னைவிட ஆறு வயது சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தமிழ் டைப்பிங் என் வேலை, மற்றதெல்லாம் அவள் பொறுப்பு.

கடையில் ஒரே கம்ப்யூட்டர். டிசைனுக்கும் பிரிண்டுக்கும் அவள் விண்டோஸில் போவாள். வைரஸ் வந்துவிடும் என்று நான் பயந்ததால் எனக்கு அதே கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்திருந்தாள்; ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதில் நுழையலாம். கடை ஃபைல்கள் எல்லாம் விண்டோஸின் டி டிரைவில். லினக்ஸிலிருந்தே அதைத் திறக்கலாம், அங்கேயே சேமிக்கலாம். முதல் மாதம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த மாதமே ஒரு தப்பு செய்தேன். லெட்டர்பேடு டிசைன்கள் இருந்த ஃபோல்டரை, காலி என்று நினைத்து அழித்துவிட்டேன். அழுதுகொண்டேதான் அவளிடம் சொன்னேன்.

"விடுங்கக்கா. நான் காலேஜ்ல என் ப்ராஜெக்டையே அழிச்சவ" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாள்.

நாலு நாள் கழித்து டி டிரைவில் சேமிக்கப் போனால் முடியவில்லை, படிக்க மட்டும்தான் முடியும் என்று வந்தது. அவளிடம் காட்டினேன்.

"அப்டேட் வந்துச்சுல்லக்கா. இனிமே லினக்ஸ்லேர்ந்து விண்டோஸ் டிஸ்க்ல எழுத முடியாது. அது அப்படித்தான்" என்றாள். ஒரு பென்டிரைவைக் கொடுத்து, அடித்ததை எல்லாம் இதில் போட்டுக் கொடுங்கள் என்றாள்.

நான் அழித்ததில் டிஸ்க்குக்கு ஏதோ ஆகிவிட்டது, என் மனசு நோகக் கூடாது என்று இவள் அப்டேட் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை அவளிடம் வாய்விட்டே சொன்னேன். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அரியலூருக்கு வளைகாப்புக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து பிரிண்ட் போடுவதாக ஏற்பாடு. மீன்சுருட்டியிலிருந்து ஒருவர் கருமாதிப் பத்திரிகைக்கு வந்தார். கையில் பேப்பர் கிடையாது. எதிரில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். யார் பெயர் முன்னால் வர வேண்டும் என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு மாற்றினார்.

"சின்ன மருமவன் பேரை மேல தூக்குங்கம்மா. அவரு கோவிச்சிக்கிட்டா எழுந்து போயிடுவாரு."

"அப்ப பெரியவரு?"

"அவரு கோவிச்சிக்கிட்டே உக்காந்திருப்பாரு. சாப்பிட்டுத்தான் போவாரு."

அறுபது பெயர் இருக்கும். அவர் பைக்கில் கிளம்பிப் போன பிறகு சேமிக்கப் போனேன். இடமில்லை என்றது. லினக்ஸுக்கு அவள் ஒதுக்கியிருந்தது கொஞ்ச இடம். ஸ்கேன் செய்த போட்டோக்களால் அது நிறைந்திருந்தது. எதையாவது அழித்தால் இடம் கிடைக்கும். அழிக்க எனக்குக் கை வரவில்லை. பென்டிரைவ் அவள் கைப்பையோடு போய்விட்டிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. மத்தியானம் கரண்ட் நிறுத்துவார்கள் என்று வேறு பேச்சு. கரண்ட் போனால் அறுபது பெயரும், அவர்கள் சண்டை போட்டுச் சேர்த்த வரிசையும் போய்விடும்.

பெரம்பலூரில் இருக்கிற கம்ப்யூட்டர் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிஸ்க்கில் எழுத முடியாது என்று தெரியும், வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"யாரும்மா சொன்னது? தாராளமா எழுதலாமே. விண்டோஸை ஒழுங்கா ஷட்டவுன் பண்ணாம தூங்க வெச்சிருந்தாத்தான் விடாது. பாப்போம்."

அவர் போனில் சொன்ன கட்டளையை அடித்துப் பார்த்தேன். விண்டோஸ் ஒழுங்காகத்தான் அணைந்திருந்தது. எந்த டிஸ்க்கை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று லினக்ஸ் தொடங்கும்போது பார்க்கிற ஒரு ஃபைல் உண்டாம். அதைத் திறக்கச் சொன்னார். பாஸ்வேர்டு கேட்டது. தினமும் காலையில் நான் உள்ளே நுழையப் போடுகிற அதே பாஸ்வேர்டுதான்.

"டி டிரைவ் வரியில ஆர், ஓ ரெண்டு எழுத்து இருக்கா?"

"இருக்கு சார்."

"அதான். படிக்க மட்டும்னு யாரோ கையால போட்டிருக்காங்க. ஓவை எடுத்துட்டு டபிள்யூ போடுங்க, எழுத விடும்."

"அப்டேட்ல தானா வந்திருக்குமா சார்?"

"அப்டேட்டுக்கு இங்க என்னம்மா வேலை? மேல ஹேஷ் குறி போட்டு ஏதாச்சும் இருக்கா? அந்த வரியை மெஷின் படிக்காது. மனுஷங்க ஞாபகத்துக்கு எழுதிக்கிறது."

இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அக்காவுக்கு ரைட் வேணாம், அழிச்சிடுவாங்க. ரைட் என்றால் எழுதுகிற அனுமதி.

"என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

டபிள்யூ போட்டேன். அவர் சொன்னபடி டிஸ்க்கைக் கழற்றி மறுபடி சேர்த்தேன். பத்திரிகை டி டிரைவில் போய் உட்கார்ந்தது. அன்றைக்குக் கரண்ட் போகவே இல்லை.

அவள் பூட்டு என்று எதையும் போடவில்லை. பாஸ்வேர்டு இரண்டு வருஷமாக என் விரலிலேயே இருந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த அக்கா பயத்தில் அந்தப் பக்கமே போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்த அந்தக் கையை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

நாலு மணிக்கு வந்தாள். எனக்கென்று ஒரு டஜன் வளையலும் கலவைச் சாதமும் கொண்டுவந்திருந்தாள். விண்டோஸைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"பத்திரிகை எப்படிக்கா டி-ல இருக்கு?"

"எழுதுச்சு."

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "ஏற்கெனவே பயந்துட்டு இருந்தீங்கக்கா. தடுத்து வெச்சிருக்கேன்னு சொன்னா இன்னும் பயப்படுவீங்க" என்றாள்.

"டிஸ்க்கை நான் கெடுத்துட்டேன்னு நெனச்சிட்டிருந்தேனே. அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்கா. அப்படி நெனச்சா ஜாக்கிரதையா இருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

மீன்சுருட்டிக்காரர் வந்துவிட்டதால் பேச்சு அங்கேயே நின்றது. பத்திரிகையில் ஒரு பெயரும் விடுபடவில்லை. வளையலை நான் எடுத்துப் போகவில்லை. ஒரு வாரம் மேஜை மேலேயே கிடந்தது, பிறகு காணோம்.

கடை இன்னும் நடக்கிறது. அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த ஹேஷ் வரியை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடிக்கிறதை இப்போது நேராக டி டிரைவிலேயே சேமிக்கிறேன். சாயங்காலம் கிளம்பும் முன்பு, நானே வாங்கிய ஒரு பென்டிரைவைச் செருகி எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன். அது என் பையில் வீட்டுக்கு வருகிறது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். எதற்கு என்று இதுவரை கேட்கவில்லை.