இடப்பக்கம் இழுத்த வண்டி

அந்தப் பொம்மை லாரியின் ரிமோட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஏரியல் ஒடிந்துவிட்டது. பேட்டரி போடும் இடம் பச்சை பூத்துக் கிடக்கிறது. ஸ்டீரிங் குச்சிக்குக் கீழே நகத்தளவு ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருக்கும். ஒட்டியவள் நான். எதற்காக என்று போன மாசம் வரை யாரிடமும் வாயைத் திறந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமானது. ஐந்தாம் மாசமே வீட்டுக்காரர் சவுதிக்குப் போய்விட்டார். விழுப்புரத்து வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். மாமனார் என் முகம் பார்த்துப் பேசமாட்டார். நடையில் நின்று செருமினால் சோறு போடலாம் என்று அர்த்தம். "கரண்டு போயிடும் போல இருக்குது" என்று சுவரிடம் சொல்வார். நான் சிம்னி விளக்கைத் துடைத்து வைக்கவேண்டும். நானும் கதவிடம்தான் பதில் சொல்வேன். மரியாதைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் நாளுக்கு நாலு வார்த்தை பேசிக் காலம் தள்ளுகிறவள் மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சில நாள் அடுப்போடு பேசியிருக்கிறேன்.

முதல் லீவில் வந்தபோது வீட்டுக்காரர் அந்த லாரியைக் கொண்டுவந்தார். மேடு பள்ளத்தில் ஓடும் வண்டி. பெரிய சக்கரம், முன்பக்கம் ஸ்பிரிங். "பொறக்கப்போற புள்ளைக்கு" என்றார். புள்ளை எங்கே? ரெண்டு நாள் அவரே ஓட்டிப் பார்த்தார், லீவு முடிந்ததும் கிளம்பிவிட்டார். லாரி பரணுக்குப் போனது. ஒரு மத்தியானம் பொழுது போகாமல் அதை இறக்கி, வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டைக் கடலை காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் விட்டேன். நேராகப் போகவேண்டிய வண்டி இடது பக்கமாகவே போய்ச் சுவரில் முட்டி நின்றது. திரும்பினால் மாமனார் நிற்கிறார்.

"லெஃப்ட்ல இழுக்குதாம்மா?"

என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸுக்கு அவர் டிரைவர். ஒரு நாள் பஸ் இடது பக்கம் இறங்கிப் புளியமரத்தில் உரசியது. படியில் நின்றிருந்த கண்டக்டருக்கு ஒரு கால் போய்விட்டது. அந்தக் கண்டக்டர் அவருக்கு உயிர்ச் சிநேகிதர், ஒரு டீயை ரெண்டாகப் பிரித்துக் குடிப்பவர்கள். "வண்டி இழுக்குதுன்னு காலையிலயே சொன்னேன்" என்று இவர் தலையால் அடித்துக்கொண்டார். வண்டியில் ஒன்றுமில்லை, டிரைவர் கைத்தப்பு என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். அதோடு ஸ்டீரிங்கை விட்டார். கண்டக்டர் வீடு திண்டிவனத்தில். நாலு வருஷமாக இவர் அந்தப் பக்கமே போகவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது" என்று ஒரு தடவை சுவரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

லாரி சுவரில் முட்டிய நாளிலிருந்து மாமனார் தினமும் அதோடுதான் உட்கார்ந்தார். முன்சக்கரங்களுக்கு நடுவே நூல் பிடித்து, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளப்பார். முன்னால் ஒரு நூலிழை ஒடுங்கியிருக்கவேண்டுமாம். சக்கரத்தைத் திருப்பும் டை ராடு ரெண்டையும் கழற்றி, முனையைத் திருகி நீளத்தை மாற்றுவார். ரெண்டுக்கும் ஒரே அளவுதான் திருகுவார், பஸ் புத்தி. இடது ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது என்று சைக்கிள் வால்வு டியூபை வளையமாக நறுக்கி அடியில் கொடுத்தார். முன்பக்கம் சமமாக நின்றது. "இப்ப வுடும்மா" என்பார். விடுவேன். அது இடது பக்கம் போகும். "பேஜாரு புடிச்ச வண்டி" என்பார், நான் சிரித்துவிடுவேன். அந்த வீட்டில் நான் சிரித்த நாட்கள் அவைதான். சீக்கிரம் சரியாகிவிடக் கூடாதே என்றுகூட நினைத்தேன்.

ஒரு காலையில் ரிமோட்டைத் துடைக்கும்போது, குச்சிக்குக் கீழே ஒரு சின்ன லிவர் இடது ஓரம் வரை தள்ளியிருப்பதைப் பார்த்தேன். ஓட்டிப் பார்த்த வேகத்தில் என் வீட்டுக்காரர் தள்ளியிருப்பார். அதை நடுவில் வைத்து லாரியை விட்டேன். லாரி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

கோளாறு வண்டியில் இல்லை, கையில் இருந்திருக்கிறது. விசாரணையில் சொன்னதும் இதைத்தானே. இதை எப்படிப் போய் அவரிடம் சொல்வேன்? லிவரைப் பழையபடி இடது ஓரத்துக்கே தள்ளிவைத்தேன். மத்தியானம் அவர் டை ராடை இன்னும் அரைச் சுற்று திருகி, "வுடும்மா" என்றார். கட்டைவிரலால் லிவரை மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தேன். லாரி களத்தின் கோடிவரை நேராகப் போனது.

"பாத்தியாம்மா, கை இல்ல. வண்டிதான்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அடுப்பங்கரைக்குள் போய் அழுதேன். சாயங்காலம் லிவர் மேல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டேன்.

மறுநாள் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, லாரியையும் ரிமோட்டையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினார். பொழுது சாயத் திரும்பி வந்தார். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்: "பையப் பிரிக்கவே வுடலம்மா. நீ வருவேன்னு நாலு வருசமா பாத்துக்கினு கெடக்கறேன், வண்டி கதைய எவன்டா கேட்டான்னுட்டான்."

லாரியை அவரே துடைத்து, ரிமோட்டோடு பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்தார். அதன்பிறகு வாரத்தில் பாதி நாள் அவர் திண்டிவனத்தில். சந்தோஷப்பட வேண்டியவள்தான், பட்டேன். மத்தியானக் களத்தில் மட்டும் யாருமில்லை. நான் மறுபடி அடுப்போடு பேசினேன்.

மாமனார் போய் வெகுகாலம் ஆகிறது. போன மாசம் வீட்டுக்காரர் பீரோவை ஒழிக்கும்போது, "இது என்ன பிளாஸ்திரி?" என்று உரிக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சநேரம் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது வருசம் ஸ்டீரிங் புடிச்சவரு. ரெண்டு பக்கமும் ஒரே அளவா அரைச் சுத்து திருகினா நேராயிடுமான்னு அவருக்குத் தெரியாதா?"

அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஒரு ஸ்க்ரூ இடம் மாறியிருந்தால்கூட ஏன், எதற்கு என்று கேட்கிற மனிதர். ரிமோட்டைத் தன் கையால் துடைத்துச் சுற்றி வைத்தவர். அந்தப் பிளாஸ்திரி எதற்கு என்று மட்டும் கடைசிவரை என்னைக் கேட்கவே இல்லை.