மூக்கில் ஒரு கல்லோடு பதுளைக்குப் பதினைந்து மைல்

தோட்டங்களில் இருந்துகொண்டு சின்னக் குழந்தையோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும் தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது எட்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். நாங்கள் இருந்ததோ நமுனுகுல மலைச் சரிவில், பசறைக்கு மூன்று மைல் மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் கணவர் அங்கே டீமேக்கர், ஆலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர். திருச்சியில் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். குழந்தை தும்மினால் வைத்திய நூலைப் புரட்டுவேன். இரண்டு நாள் தும்மாவிட்டாலும் புரட்டுவேன்.

அன்று காலை ஆறே கால் மணிக்கு என் மகள் கனகா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். வயது மூன்றரை. இடது மூக்கின்மேல் ஒரு விரல்.

"அம்மா, கல்லு உள்ள போயிருச்சு."

விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எங்கள் வாசல் பாதையில் அந்த மாதம்தான் வெள்ளைக் கூழாங்கல் கொட்டியிருந்தார்கள். ஆகவே அது என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. கொண்டை ஊசியை எடுத்தேன். ஊசியைக் கண்டதும் அவள் பயந்து ஒரு மூச்சு இழுத்தாள். வெள்ளை மறைந்துபோயிற்று.

தோட்டத்து டிஸ்பென்சர் வந்து பார்த்தார். தன்னிடம் இருக்கும் இடுக்கி பெரியவர்களுக்கானது என்று சொல்லிவிட்டு, விரல்விட்டு எண்ணினார்: "அழவிடாதீங்க. தூங்க விடாதீங்க. மல்லாக்கப் போடாதீங்க. அழுதா புள்ள மூச்ச இழுக்கும், கல்லு நெஞ்சுக்குள்ள எறங்கிரும்."

"பதுளை போற வரைக்குமா?"

"டாக்டர் எடுக்கிற வரைக்கும்."

மூன்றரை வயதுக் குழந்தையை ஐந்து மணி நேரம் அழாமலும் தூங்காமலும் வைத்திருப்பது என்றால் என்ன என்று இதைப் படிக்கும் தாய்மாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆலையில் கொழுந்து உருளையில் ஏறியிருந்தது. என் கணவரால் விட்டுவிட்டு வரமுடியாது.

"தனியாவா போவே?" என்றார்.

"கனகா இருக்காளே," என்றேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது. வைத்திய நூலையும் மூட்டையில் திணித்துக்கொண்டேன்.

ஏழு இருபதுக்கு ஒற்றை மாட்டு வண்டி புறப்பட்டது. போக வர வாடகை நாலரை ரூபாய், மாட்டுக்கு வைக்கோல் உட்பட. வண்டிக்காரர் வீரன், ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். அவள் அழக்கூடாது என்பதை அவரிடமும் சொன்னேன். சொன்ன இடம் தவறு. கனகா மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் மைல் முடிவதற்குள் அறிவித்தாள்: "அம்மா, நான் அழப்போறேன்."

"எதுக்குடி கண்ணு?"

"கருப்பட்டி வேணும்."

கருப்பட்டி கொடுத்தேன். கால் மைலில் மறுபடியும் அழப்போவதாகச் சொன்னாள். வீரனின் தலைப்பாகை வேண்டுமாம். அவர் அவிழ்த்துக் கொடுத்தார். பிறகு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும், சாட்டையைப் பிடிக்க வேண்டும்.

"தாயி, சின்னம்மா ரொம்ப நாணயமான ஆளு," என்றார் வீரன். "அழுவுறதுக்கு முன்ன நோட்டீசு குடுக்குதே."

எட்டே கால் மணிக்குப் பசறை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கால் மணி நேரம் நின்றோம். தேநீரும் பணிஸ் ரொட்டியும் பன்னிரண்டு சதம். பணிஸை நான் அவளுக்குத் தரவில்லை, விக்கல் வந்தால் என்ன செய்வது என்ற பயம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்பார்கள்; விஷயத்தைக் கேட்டதும் மூக்குப்பொடி டப்பியை நீட்டினார்.

"ஒரு சிட்டிகை போதும் தங்கச்சி. ரெண்டு தும்மல்ல கல்லு ரோட்டுல கெடக்கும்."

"தும்மறதுக்கு முன்னாடி மூச்சை உள்ள இழுப்பாளே, நானா."

அவர் டப்பியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்று சொல்லித் தாமே ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். வழியில் யார் என்ன வைத்தியம் சொன்னாலும், டாக்டர் பார்க்கும்வரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டச் சொன்னவரும் அங்கே இருந்தார்.

பசறையிலிருந்து பதுளை பன்னிரண்டு மைல். பாதை வளைந்து வளைந்து போகும். சாய்மானமில்லாத வண்டியில் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தே இருந்ததில் என் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. ஐந்தாவது மைலில் அவள் கண் செருக ஆரம்பித்தது. கையில் இருந்த ஒரே வழியைப் பிடித்தேன்.

"கனகா, பெரட்டுக் கூப்பிடலியா?"

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் பார்ப்பது. தினமும் எங்கள் கோழிகளை நிறுத்தி அவள் நடத்தும் விளையாட்டு அது. கண் உடனே திறந்துகொண்டது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, கங்காணியின் குரலிலேயே தொடங்கினாள்.

"வீரா."

"இருக்கேங்க கங்காணி."

"நேத்து எங்க போனே?"

"காச்சலுங்க."

"பொய். அரைப் பேரு."

ஒரு நாள் வேலை முடித்தவருக்கு ஒரு பேர். குறைத்துச் செய்தவருக்கு அரைப் பேர். மாட்டுக்கு முழுப் பேர் கிடைத்தது. என் முறை வந்தது.

"அம்மாவுக்குப் பேரு இல்ல."

"ஏன்?"

"சும்மாதானே ஒக்காந்திருக்க."

வீரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஒன்பதாவது மைலில் ஓர் ஓடை. இறங்கினோம். ஏறும்போது என் கணுக்காலில் ஓர் அட்டை. ஐந்து வருடம் தோட்டத்தில் இருந்தும் அட்டையைக் கண்டால் கத்துவேன். என் கத்தலைக் கேட்டால் அவள் அழுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "பாரு கண்ணு, அட்டை அம்மாவுக்கு முத்தம் குடுக்குது," என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையாக நான் பேசியதில்லை.

கனகா குனிந்து பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"எனக்கு அட்டையே வரல."

"தாயி," என்றார் வீரன் மெதுவாக, "அட்டை கடிக்கலன்னு அழுவுற புள்ளைய இப்பத்தான் பாக்குறேன்."

மடியிலிருந்து புகையிலைத் துண்டு ஒன்றைக் கிள்ளி, தண்ணீரில் நனைத்து, அவள் காலில் ஒட்டினார். உதடு உள்ளே போயிற்று. பதுளை வரை அந்த அட்டைக்குக் காற்றுப் படாமல் தலைப்பாகை நுனியால் மூடிக்கொண்டு வந்தாள்.

கடைசி மூன்று மைல்தான் பெரும்பாடு. இறக்கம், வெயில், வண்டியின் ஆட்டம். அட்டையும் பெரட்டும் அதற்குமேல் பலிக்கவில்லை. அவள் தலை என் தோளில் விழுந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, அவளைத் தரையில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடக்க மாட்டாள் என்றபோது குதித்தேன். நான் குதித்தால் அவளும் குதிப்பாள். அப்படியே முக்கால் மைல். கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "பாவம், என்னமோ நேத்திக்கடன் போல," என்றாள். நான் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மணி பன்னிரண்டு நாற்பது. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றிக் கண்ணாடியை இறக்கி, இடது மூக்கைப் பார்த்தார். வலதைப் பார்த்தார். மறுபடி இடது.

"கல்லு ஒண்டும் தெரியேல்லையே."

கீழே இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து மணி நேரம் அழவில்லை, தூங்கவில்லை, எனக்குத் தெரியாமல் எந்த நிமிடத்தில் போயிற்று? டாக்டர் பஞ்சு சுற்றிய கம்பியை விட்டு எடுத்தார். நுனியில் வெள்ளையாக, பசைபோல ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்காமல் அவளிடம் கேட்டார்.

"பிள்ளை, என்ன கல்லு வைச்சனீர்?"

"மூக்குத்திக் கல்லு. கொழுந்து எடுக்கிற அக்கா போட்டிருக்கே, அது மாதிரி."

"எங்கை எடுத்தனீர்?"

"டப்பாவுல."

"எந்த டப்பாவிலை?"

"பாயாச டப்பா."

டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பாயாச டப்பா என்றால் சவ்வரிசி டப்பா.

வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சிக் கழுவினார். மிச்சமிருந்ததும் கூழாக வந்துவிட்டது. ஒரு நிமிட வேலை. நீர் பட்டதும் கனகா வாய்விட்டு அழுதாள், நோட்டீசு கொடுக்காமல். நான் பதறி வாயைப் பொத்தப் போனேன்.

"இனி அழட்டும் அம்மா," என்றார் டாக்டர். "நல்லா அழட்டும்."

அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

ஒன்றரை மணிக்குத் திரும்பினோம். ஆஸ்பத்திரி வாசலில் தூங்கியவள் தோட்டம் வரும்வரை விழிக்கவில்லை. வீடு சேர ஏழு மணி.

இப்போது பசறையிலிருந்து மோட்டார் பஸ் ஓடுகிறது. ரயிலும் பதுளைக்கே வந்துவிட்டது. எதில் போனாலும் மாற்றுச் சேலை ஒன்று, அட்டைக்கு உப்பு முடிச்சு, குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை நிமிர்த்தியே பிடியுங்கள். ஊசி, இடுக்கி எதையும் நீங்களாக உள்ளே விடாதீர்கள். குழந்தை எதிரில் அதன் வைத்தியத்தைப் பேசாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், எதை வைத்தாய், எங்கிருந்து எடுத்தாய் என்று குழந்தையிடமே கேளுங்கள். ஐந்து மணி நேரம் அவளோடு பேசிக்கொண்டே போனேன். அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

அன்று மாலை என் கணவர் வாசலிலேயே காத்திருந்தார். "கல்லு எங்கே, காட்டு," என்றார்.

"ஆஸ்பத்திரியிலயே வெச்சுக்கிட்டாங்க," என்று சொல்லிவிட்டேன்.

அவர் டிஸ்பென்சரிடம் சொன்னார். ஒரு வாரத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்க அந்தக் கல் புளியங்கொட்டை அளவு ஆகிவிட்டது. கேட்டவர்களிடம் கனகாவும் கல் என்றே சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. நான்தான் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இந்தப் பயணத்தை எழுத எட்டு வருடம் ஆனதற்குக் காரணம் அதுதான். என் கணவர் இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர்.

படிக்கட்டும். இப்போது இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது. நாளைக்கு அவன் மூக்கில் விரலோடு வந்து நின்றால் எந்த டப்பா என்று கேட்பேன். அவன் எந்த டப்பாவைச் சொன்னாலும் வண்டிக்கும் சொல்லி அனுப்பிவிடுவேன்.