பதினாறு கழியாத சிரிப்பு

சங்கரன்கோவிலில் பொன்செல்வியின் முகத்தை அறிந்தவர்கள் அவள் தெருக்காரர்கள் மட்டும்தான். அவள் சிரிப்பை அறியாதவர் ஒருத்தர் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உள்ளூர் கேபிளில் ‘கோட்டி கிளப்பு’ என்று ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நேரலையில் வருகிறது. ஒவ்வொரு துணுக்கு நாடகத்திலும் சரியான இடத்தில் ஒரு பொம்பளைச் சிரிப்பு கேட்குமே, அது இவளுடையதுதான். முதலில் தொண்டையில் ஒரு விக்கல். பிறகு எண்ணெய் காணாத கிணற்று உருளை மாதிரி ஒரு நீளமான இழுவை. அப்புறம் மூச்சே நின்றுவிட்டதோ என்று பயப்படும்படி ஒரு அமைதி. அது கழிந்து ஒரு வெடிப்பு. அதைக் கேட்டும் சிரிக்காதவன் ஊருக்குப் புதுசாக வந்த தாசில்தாராகத்தான் இருப்பான்.

அவள் சிரிக்க வந்தவள் இல்லை, கூட்டிப் பெருக்க வந்தவள். மூடிக் கிடந்த ஒரு விசைத்தறிக் கொட்டகையைப் பிடித்து, பிளைவுட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை செட்டை நிறுத்தி, சிவபிரசாத் அந்த நிகழ்ச்சியை ஆரம்பித்த நாளில் பார்க்க வந்த ஜனம் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தது. நடிகர்கள் தலைகீழாக நின்று பார்த்தார்கள், ஒரு பல் தெரியவில்லை. பிளைவுட்டுக்குப் பின்னால் விளக்குமாறோடு நின்ற பொன்செல்விக்குத்தான் அடக்க முடியவில்லை. அவள் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டு முன்வரிசை சிரித்தது, முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை சிரித்தது. அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்ததும் சிவபிரசாத் அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி வைத்துவிட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

“நீ இனிமே கூட்டாண்டாம். இங்கன உக்காந்து சிரி. அது போதும்.”

அந்த ஸ்டூல் கேமராவில் விழாத மூலையில் இருந்தது. ஆனால் நடிக்கிறவர்களுக்குத் தெரியும். முக்கிய நடிகரான கோமதிசங்கர் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் அந்த ஸ்டூலைப் பார்ப்பார். அவளுக்கு விக்கல் எடுத்தால் நிறுத்துவார், உருளை இழுத்து முடிகிறவரை காத்திருப்பார், வெடித்ததும் அடுத்த வசனத்தைப் போடுவார். கூட்டமும் அப்படித்தான் பழகிப்போயிருந்தது. பொன்செல்வி தொடங்காமல் ஒருத்தரும் சிரிப்பதில்லை. டிவியில் ஜனங்கள் தானாகச் சிரிக்கிறார்கள் என்று நீங்கள் இத்தனை நாள் நம்பியிருந்தால், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களுக்கு என்று சவுண்டு பார்க்கிற ரிஸ்வான் அகமது அவள் சிரிப்பைப் பதிவுசெய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். சின்னது, நடுவாந்திரம், பெரியது என்று மூன்று. விரலைத் தட்டினால் சிரிக்கும். அவளுக்கே அதைக் கேட்டால் யாரோ தன் சேலையைக் கட்டிக்கொண்டு தெருவில் போவது போல இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், இந்த ஆடி மாதத் தொடக்கத்தில், பனவடலிசத்திரத்திலிருந்து துட்டிச் செய்தி வந்தது. அவளுடைய அக்கா சங்கரம்மாளின் புருஷன் துரைப்பாண்டி, ஆடு மேய்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

பொன்செல்விக்கு விவரம் தெரியுமுன்னே அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அக்காவைக் கட்டிய கையோடு இவளையும் சைக்கிளில் முன்னால் உட்கார்த்திக் கூட்டிப்போனவர் துரைப்பாண்டி. வாய் அத்தான் என்று கூப்பிட்டதே தவிர, அவளுக்கு அப்பா அவர்தான். பஸ்ஸில் போகும்போது அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே கட்டியாக நின்றது.

பந்தலுக்குள் நுழைந்து, அத்தானின் கால்மாட்டில் அக்காவைப் பார்த்ததும் கட்டி உடைந்தது. ஓடிப்போய் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். முதலில் தொண்டையில் ஒரு விக்கல். பிறகு அந்த உருளை இழுவை.

ஐயோ, அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல. பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை களுக்கென்று சிரித்தது. அதன் தாய் பிள்ளை வாயைப் பொத்தினாள், ஆனால் அவள் உதடே துடித்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்ட பெரிய மனுஷன் ஒருவரின் தோள் குலுங்கியது துக்கத்தால் இல்லை. வெளியே தெருவில் யாரோ, “துட்டி வீட்டுல எவம்லே டிவி போட்டது?” என்று அதட்டினார்கள். இருபது வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் சிரிக்க வேண்டும் என்று காது பழகியிருக்கிறது. காதுக்கு சாவு வீடு என்ன தெரியும், கல்யாண வீடு என்ன தெரியும்.

சங்கரம்மாள் தன் கழுத்திலிருந்த தங்கச்சியின் கையைப் பிடித்து விலக்கினாள்.

“எம் புருசன் பொணத்துக்கு முன்னால சிரிக்கதுக்கு வந்தியாட்டி?”

பொன்செல்வி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றாள். அழுகை அத்தோடு உள்ளே போய்விட்டது. குளிப்பாட்ட நீர்மாலை எடுத்தபோதும் வரவில்லை, தூக்கிக்கொண்டு போனபோதும் வரவில்லை. தன் அழுகையும் சிரிப்பு மாதிரியே கேட்கும் என்று அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் அவள் பெரிதாக அழ நேர்ந்ததில்லை. அவளை அழவிடாமல் வளர்த்தவரே இப்போது போயிருந்தார்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் ஈரமே இல்லை.

“சொல்லுததைக் கேட்டுக்கோ. பதினாறாம் நாள் காரியம் கழியதுக்குள்ள உன் சிரிப்பு டிவியில கேட்டுதுன்னு வச்சுக்கோ, பதினாறுக்கு நீ வராத. அதுக்குப் பொறவும் என் வாசப்படி ஏறாத.”

“அக்கா, நான் அன்னைக்கு சிரிக்கலக்கா.”

“பந்தலே கேட்டுதுல்லா” என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

அந்த வார ஞாயிறு, கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கான சிறப்பு நிகழ்ச்சி. சனிக்கிழமை சிவபிரசாத் வீடு தேடி வந்தார். கேபிள் முதலாளி முகம் சரியில்லை, யாரும் இப்போது கேபிள் பார்ப்பதில்லை என்கிறார், நாளைக்குச் சொதப்பினால் கடையை மூடு என்று சொல்லிவிடுவார் என்றார். பொன்செல்வி அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

“சரி, நீ சிரிக்காண்டாம். சும்மா வந்து ஸ்டூல்ல இரு. உன்னயப் பாக்காட்டி கோமதிசங்கருக்கு வாயே வராது.”

“கம்ப்யூட்டரு சிரிப்பும் போடக்கூடாது அண்ணாச்சி. அத யாரு சிரிச்சதுன்னு எங்க அக்காவுக்கு எப்படித் தெரியும்?”

“போடல. போதுமா?”

அவள் போனது அவருக்காக இல்லை. வீட்டிலிருந்தால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிரிப்பை யார் காவல் காப்பது?

ஞாயிறு சாயங்காலம் கொட்டகை நிறைந்திருந்தது. தபசுக்கு வந்த கூட்டம் வேறு. மைக்கில் இரைகிறது என்று காற்றாடிகளை நிறுத்தியிருந்தார்கள், நடிகர்கள் முகத்துப் பவுடர் கோடுகோடாக வழிந்தது. பிளைவுட்டில் ஒரு பஸ். அதை ஆட்டுவதற்குக் கீழே இரண்டு பேர் குப்புறப் படுத்துப் பலகையைப் பிடித்திருந்தார்கள். பொன்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே ரிஸ்வான் அகமதுவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, போடமாட்டேன் என்று தலையாட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

கோமதிசங்கர் புளியங்குடி எலுமிச்சை வியாபாரியாக, தலைப்பாகை கட்டி, ஒரு மூட்டையோடு பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் வேஷக்காரர் மூட்டைக்கும் டிக்கெட் கேட்டார்.

“எடுத்தாச்சு வே. இப்ப மூட்டைக்கு சீட்டு எங்கன?” என்று கேட்டுவிட்டு, மூட்டையை ஒரு காலி சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்தில் ஒரு துண்டையும் போட்டார் கோமதிசங்கர்.

“அது லேடீஸ் சீட்டு வே. எந்திரிக்கச் சொல்லும்.”

“உள்ள இருக்கது ஆணா பொண்ணான்னு நீரு பாத்தீரா?”

ஓரக்கண்ணால் ஸ்டூலைப் பார்த்தார். பொன்செல்வி தரையைப் பார்த்தாள். கூட்டத்தில் ஒவ்வொரு தலையாக அந்த மூலைப் பக்கம் திரும்பியது. தொடங்குவாள், தொடங்குவாள் என்று காத்திருந்தார்கள். கோமதிசங்கருக்கு அடுத்த வசனம் தொண்டையிலேயே நின்றது. சொன்னதையே மறுபடி சொன்னார். அதுவும் செத்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழே படுத்திருந்தவர்கள் பலகையை வேகமாக ஆட்டிவிட்டார்கள். மூட்டை சாய்ந்து கண்டக்டர் மடியில் விழுந்து, வாய் அவிழ்ந்து, எலுமிச்சை அத்தனையும் கொட்டியது. “மயங்கிட்டா பாத்தீரா, உம்மாலதான்” என்றார் கோமதிசங்கர், எழுதி வைக்காத வசனம். பொன்செல்விக்கு வயிற்றிலிருந்து குபுக்கென்று கிளம்பிவிட்டது. பாவி மனுஷா, இன்றைக்குத்தானா உனக்கு இப்படி வர வேண்டும். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்தாள். கண் பிதுங்கியது. தொடையைக் கிள்ளினாள். விக்கல் ஒன்று பாதி வந்தது, அதையும் விழுங்கினாள். அடக்கிவிட்டாள்.

கூட்டத்திலிருந்து ஒரு செருமல் மட்டும் கேட்டது. யாரோ எழுந்து வெளியே போனார்கள்.

கேமரா பக்கத்தில் நின்ற சிவபிரசாத் முகம் வெளிறிப்போய், ரிஸ்வான் அகமதுவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். மறுபடி உயர்த்தினார். அவன் அசையவில்லை. பொன்செல்வி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். அவள் எட்டுவதற்குள் சிவபிரசாத் தானே பாய்ந்துபோய்க் கம்ப்யூட்டரில் விரலைத் தட்டிவிட்டார்.

பெரியது.

விக்கல், இழுவை. அவள் சிரிப்பு கொட்டகையை நிறைத்தது. கேபிள் ஓடுகிற வீடெல்லாம் நிறைத்திருக்கும், பனவடலிசத்திரம் வரைக்கும். முந்தானையை வாயில் கடித்தபடி தன் சிரிப்பைத் தானே கேட்டுக்கொண்டு நின்றாள் பொன்செல்வி. முடிந்தது. அக்கா வீட்டு வாசல் முடிந்தது. கம்ப்யூட்டர் என்று பிறகு ஆயிரம் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

நம்ப வேண்டுமானால் இப்போதே கண்ணால் பார்க்க வேண்டும். அவள் யோசித்தது அவ்வளவுதான். பிளைவுட்டைச் சுற்றி நடந்து, விளக்கு வெளிச்சத்துக்குள் போய், உருண்டு கிடந்த எலுமிச்சைகளுக்கு நடுவே, கேமராவுக்கு நேர் எதிரே நின்றாள். முந்தானையை எடுத்தாள். உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். சிரிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி வாய் திறக்காமல் நிற்பதை ஊர் முதன்முதலாகப் பார்த்தது. வெடிப்பும் முடிந்து ஓய்ந்தது.

என்ன செய்வதென்று தெரியாத கோமதிசங்கர், “ஏட்டி, நீ எந்த ஸ்டாப்புல ஏறுன?” என்றார். கூட்டம் லேசாகச் சிரித்தது.

பொன்செல்வி கேமராவைப் பார்த்தே பேசினாள். “அக்கா, நான் சிரிக்கலக்கா. இப்ப கேட்டது கம்ப்யூட்டரு. அன்னைக்கும் சிரிக்கல. அத்தான்…”

அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. தொண்டையில் விக்கல் எடுத்தது. பிறகு உருளை இழுத்தது. அத்தனை நாள் உள்ளே கிடந்தது மொத்தமும் வெளியே வந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பழக்கம், பாவம். முன்வரிசை முதலில் நிறுத்தியது, அவர்களுக்குத்தான் அவள் கன்னம் தெரிந்தது. முன்வரிசை நிறுத்தியதைப் பார்த்துப் பின்வரிசை நிறுத்தியது. கோமதிசங்கர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லி சிவபிரசாத் தூக்கிய கை பாதியிலேயே நின்றது, கேமராக்காரர் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அவள் அழுதாள். இழுத்து இழுத்து, மூச்சு நின்று, மறுபடி வெடித்து அழுதாள். இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் கையை விலக்கவும் இல்லை.

விளக்கை அணைத்த பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து கொட்டகை வாசல்படியில் உட்கார்ந்தாள். நிகழ்ச்சியைக் கெடுத்துவிட்டோம் என்பது உறைத்தது. அக்கா பார்த்தாளோ, சத்தத்தை மட்டும் கேட்டாளோ என்பதுதான் பெரிதாக உறைத்தது. துட்டி வீட்டில் டிவி ஏது? அக்கம்பக்கத்துச் சுவர் வழியாகச் சிரிப்பு மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போது போன் அடித்தது. அக்கா.

எடுத்துக் காதில் வைத்தாள்.

“அடுத்த வீட்டு டிவிக்கு முன்னால நின்னேன்” என்றாள் சங்கரம்மாள். “நீ சிரிச்சா கையும் களவுமாப் பிடிக்கணும்னுதான் போய் நின்னேன்.”

பொன்செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அன்னைக்கும் இதானாட்டி?”

“ஆமாக்கா.”



“காலையில மொத பஸ்ஸுக்கு வா” என்றாள் சங்கரம்மாள். “வந்து அவுக படத்துக்கு முன்னால உக்காந்து நல்லா அழு. எவ சிரிக்கான்னு நான் பாக்கேன்.”