சந்தனத்துக்கு அடியில ஒரு வெடிப்பு

நான் சர்வேயர் சார். தாலுக்கா ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் சங்கிலியும் ஸ்கேலும் புடிச்ச கை இது. எவனாவது வந்து அந்தப் புளியமரத்துல முனி இருக்குன்னு சொன்னா, எந்த சர்வே நம்பர்ல இருக்கு, பட்டா யார் பேர்லன்னு கேட்டுச் சிரிக்கிற ஆளு. காட்டுமன்னார்கோயில் பக்கம் சுடுகாட்ட அளக்கப் போன அன்னிக்கு, மத்தியானச் சோத்துப் பொட்டலத்த அங்கயே பிரிச்சு வச்சுத் தின்னவன் நான். இதெல்லாம் ஏன் மொதல்லயே சொல்றேன்னா, இப்ப சொல்லப் போறத நீங்க நம்ப மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும், நம்பலன்னாலும் பரவால்ல. இது நான் பயந்த கதையா இருந்தா எப்பவோ ஊரெல்லாம் சொல்லி இருப்பேன். இது வெக்கப்பட வேண்டிய கதை, அதனாலதான் அஞ்சு வருஷமா எம் பொண்டாட்டிகிட்டக் கூட வாயத் தொறக்கல.

பேயி பிசாசுன்னா எல்லாரும் ராத்திரி பன்னெண்டு மணின்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு நடந்தது மத்தியானம் மூணேகாலுக்கு, நல்ல வெயில்ல, நேஷனல் ஹைவேஸ்ல.

2007ல எம் பொண்ணு கலைச்செல்விக்கு ஏழாம் மாசம். அவள சிதம்பரத்துல குடுத்திருந்தோம், சம்மந்தி வீடு மேல வீதியில, கோபுரத்துக்குப் பக்கத்துலயே. அங்க வளைகாப்பு போட்டு, அன்னிக்கே எங்க வீட்டுக்கு, கடலூர் முதுநகருக்கு, கூட்டிட்டு வர்றதுன்னு பேச்சு. எங்கிட்ட ஒரு பழைய அம்பாசடர் இருந்துச்சு, செகண்ட் ஹேண்டுல வாங்கினது, டயர் நாலும் பழைய ஓனர் போட்டதுதான். வண்டி ஓடினதே கம்மி சார். மாசத்துக்கு ரெண்டு தடவ எடுத்தா ஜாஸ்தி. மீதி நாளெல்லாம் வீட்டு வாசல்ல முருங்கமரத்தடியில நிக்கும், சாயங்கால வெயில் மட்டும் பின்பக்கம் இடது சக்கரத்து மேல நேரா அடிக்கும். அத நான் தெனம் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், ஆனா அதப் பத்தி நெனச்சது இல்ல.

வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்னாடி காத்து புடிக்கலாம்னு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல தங்கராசு கடைக்குப் போனேன். தங்கராசு டயர் வேலையில இருவது வருஷம் பழகினவன், பேச்சு கம்மி. காத்து புடிக்கும்போதே பேச்சுவாக்குல, புள்ளத்தாச்சிப் பொண்ணக் கூட்டியாரப் போறேன்பான்னு நான்தான் சொன்னேன். அவன் காத்துக் குழாய எடுத்துட்டு, பின் டயரோட சைடுல கட்டவெரல வச்சு அழுத்தினான், கண்ணக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்தான்.

"சார், பட்டன் தேயல, மேல பள்ளமெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரப்பர் செத்துப் போச்சு. நாலையும் மாத்திடுங்க. இந்த இடது பின்னாடிய மட்டுமாவது இன்னிக்கே மாத்துங்க"ன்னான்.

எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. சொன்னா சிரிப்பீங்க, என் சட்டப் பையில எப்பவும் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அத எடுத்து டயர் பள்ளத்துல வுட்டு, அங்க நின்ன நாலு பேரையும் கூப்புட்டுக் காட்டினேன். பாருங்கய்யா, இவ்ளோ ஆழம் இருக்கு, புது டயருக்கும் இதுக்கும் நூல் அளவுதான் வித்தியாசம், இவன் மாத்தச் சொல்றான், ஊர ஏமாத்திப் பொழைக்கிற பொழப்புன்னு சத்தம் போட்டுச் சொன்னேன். தங்கராசு சைடுல இருந்த சின்ன எழுத்தக் காட்டி, இதுல வருஷம் போட்டிருக்கு சார், ஓடினாலும் ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாவும், நின்ன எடத்துலயே காஞ்சு போவும்னான். நான் கேக்கவே இல்ல. நின்னவன்ல ரெண்டு பேரு சிரிச்சான், அதுல எனக்கு இன்னும் ஏறிப் போச்சு. தங்கராசு மூடியத் திருகிட்டு, "புள்ளத்தாச்சின்னு சொன்னீங்களே, அதான் சொன்னேன் சார்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

இதோட நின்னிருந்தா நான் முட்டாள்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடலாம்.

வளைகாப்புக்கு மொத நாள் சாயங்காலம் வண்டியக் கழுவினேன். அப்பப் பாத்தேன், இடது பின் டயர் சைடுல ஒரு வெடிப்பு. கோடு கோடா எல்லாப் பழைய டயர்லயும் இருக்குமே, அது இல்ல. ஒரு வெரல் நீளம், நகத்த வச்சா உள்ள போவுது. எனக்குப் புரிஞ்சு போச்சு சார். தங்கராசு சொன்னது அப்புடியே சரின்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. கடை இன்னும் தொறந்துதான் இருக்கும், நடந்தா அஞ்சு நிமிஷம். ஆனா நாலு பேரு முன்னாடி அப்புடிப் பேசிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? வேற கடைக்குப் போனாலும் அவன் காதுக்குப் போயிடும், முதுநகர்ல எல்லா டயர்க்காரனும் ஒருத்தனுக்கு ஒருத்தன் மச்சான். நாப்பது கிலோமீட்டர்தான, மெதுவாப் போனா ஆச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஸ்டெப்னி டிக்கியில வெயிலே படாம கெடக்கு, அதையாவது மாத்திப் போட்டிருக்கலாம். அதுவும் செய்யல, விஜயா ஏன்னு கேப்பா, வாசல்ல போறவங்க பாப்பாங்க, இப்புடி ஒரு எண்ணம்.

மறுநாள் காலையில எம் பொண்டாட்டி விஜயா வண்டிக்குப் பொட்டு வெக்கச் சொல்லி ஒரு கிண்ணத்துல சந்தனத்தக் கரச்சுக் குடுத்தா. நான் அதுவரைக்கும் வண்டிக்குப் பொட்டு வச்சதே இல்ல. அன்னிக்கு மூணு சக்கரத்துக்கு ஒரு வெரல் தொட்டு வச்சேன். நாலாவதுக்கு, அந்த வெடிப்பு மேல, சந்தனத்த அள்ளி வச்சு நல்லா அமுக்கித் தேச்சு, மேல பெருசா குங்குமம் வச்சேன். வெடிப்பு இருந்த எடமே தெரியல. விஜயா பாத்துட்டு, "ஏங்க, பேரன் பேத்தி வரப்போவுதுன்னதும் உங்களுக்கே பக்தி வந்துடுச்சே"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். என்னை எதுல வேணா திட்டுங்க சார், அந்தச் சிரிப்ப நெனச்சாத்தான் எனக்கு ஒடம்பு கூசுது.

சிதம்பரத்துல வளைகாப்பு நல்லா நடந்துச்சு, பொண்ணு கை நெறைய கண்ணாடி வளையல், அஞ்சு வகை சாதம், ஒரே கூட்டம். கெளம்பும்போது சம்மந்தி வாசல் வரைக்கும் வந்தாரு. அவரு நல்ல மனுஷன். வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க, வேணும்னா டாக்ஸி ஒண்ணு சொல்றேன், புது வண்டி, பொண்ணு சாஞ்சு படுத்துக்கிட்டு வரலாம்"னாரு. என் வண்டியக் கொற சொல்றாருன்னு எனக்கு ரோஷம். "என் வண்டி கல்லு மாதிரி சம்மந்தி, என் பொண்ண எனக்குக் கூட்டிட்டுப் போவத் தெரியாதா"ன்னேன். அவரு சக்கரத்துல இருந்த சந்தனத்தப் பாத்து, இவ்ளோ பூஜை பண்ணி வந்திருக்கீங்க, எந்தக் கொறையும் வராதுன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. அந்தச் சக்கரத்தப் பாத்துதான் சார் கும்புட்டாரு.

முன் சீட்டுல சாதத் தூக்குங்களும் தட்டுங்களும், பின்னாடி விஜயாவும் கலையும். கலை இடது பக்கம் ஜன்னலோரம், சரியா அந்த டயருக்கு மேல. அந்தப் பக்கம் ஒக்காராத, இந்தப் பக்கம் வான்னு ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம். காரணம் கேப்பாளேன்னு சொல்லல. வெள்ளாத்துப் பாலம் வரைக்கும் நாப்பதுலதான் வந்தேன். முட்லூர் தாண்டினதும் விஜயா, "நாலு மணிக்கு நல்ல நேரம் முடிஞ்சுடும், அதுக்குள்ள அவள வீட்டுக்குள்ள அழைக்கணும், இப்புடி ஊந்தா எப்பப் போறது"ன்னு நச்சரிக்க ஆரம்பிச்சா. புதுச்சத்திரம் தாண்டி ரெண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, ரோடு காலியா இருந்துச்சு, நான் மிதிச்சுட்டேன். அறுபதத் தாண்டிடுச்சு.

அப்ப ஒரு குரல், "தாத்தா"ன்னு.

சின்னப் புள்ள குரல், பொம்பளப் புள்ள, நாலு அஞ்சு வயசு இருக்கும். ரோட்டோரம் ஏதோ புள்ள கூப்புடுதுன்னு நெனச்சுக் கண்ணாடியில பாத்தேன், ஆள் நடமாட்டமே இல்ல. இன்னொண்ணு, என்னை அதுவரைக்கும் யாரும் தாத்தான்னு கூப்புட்டது இல்ல, தெருவுல இருக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் நான் சர்வேயர் சாருதான். சரி, காத்து சத்தம்னு விட்டுட்டு ஓட்டிக்கிட்டே இருந்தேன்.

ஒரு பர்லாங்கு போயிருப்பேன், ரெண்டாவது தடவ. இப்ப வெளியில இருந்து இல்ல, வண்டிக்குள்ள. என் இடது காதுகிட்ட, முன் சீட்டு மேல மோவாய வச்சுக்கிட்டுப் பேசினா எப்புடிக் கேக்கும், அப்புடி.

"தாத்தா, நிறுத்து."

கெஞ்சல் இல்ல, அழுவ இல்ல. தப்புன்னு தெரிஞ்சே செய்யறவன்கிட்ட எப்புடிப் பேசுவாங்களோ, அப்புடி இருந்துச்சு. எனக்குப் பயம் வரல சார், சத்தியமா சொல்றேன், மாட்டிக்கிட்டேன்னுதான் மொதல்ல தோணுச்சு. கால் தானா பிரேக்குக்குப் போச்சு, மெதுவா ஓரங்கட்டி நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தேன். கலை வாயத் தொறந்து தூங்கறா, கை ரெண்டும் வயித்து மேல. விஜயா முழிச்சுக்கிட்டுதான் இருந்தா. "என்னாங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"ன்னா. நீ எதனா பேசினியான்னேன். யாரும் ஒண்ணும் பேசலயேன்னா.

எறங்கிப் போய் இடது பின் சக்கரத்தப் பாத்தேன். மூணு சக்கரத்துலயும் காலையில வச்ச பொட்டு காஞ்சு அப்புடியே இருக்கு. இதுல சந்தனம் இல்ல. காத்துல உதுந்தா திட்டுத்திட்டா உதுரும், இது வெரல வச்சு வழிச்ச மாதிரி நாலு கோடு, பக்கத்துப் பக்கத்துல. நான் அளக்கிறவன் ஆச்சே, என் சுண்டு வெரல அது மேல வச்சுப் பாத்தேன். என் ஒரு வெரலுக்குள்ள அதுல ரெண்டு கோடு அடங்குது. கோட்டுக்கு நடுவுல வெடிப்பு வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு, உள்ள இருந்து ட்யூப் கொப்புளம் மாதிரி வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது. இன்னும் ரெண்டு நிமிஷம் அதே வேகத்துல போயிருந்தா என்னா ஆயிருக்கும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்ல.

ரெண்டு பேரையும் எறக்கி நெழல்ல ஒக்கார வச்சுட்டு ஸ்டெப்னிய மாட்டினேன். ஜாக்கி ரெண்டு தடவ வழுக்கிடுச்சு. கலை வந்து அந்த டயரப் பாத்துட்டுக் கண்ணு கலங்கி, "எப்புடிப்பா கண்டுபுடிச்சீங்க?"ன்னா. அப்பவாவது உண்மையச் சொல்லி இருக்கணும். நான் என்னா சொன்னேன் தெரியுமா? ஸ்டீரிங்குல ஒரு ஆட்டம் தெரிஞ்சுச்சும்மா, இத்தன வருஷ அனுபவம்னு சொன்னேன். அவ அத சம்மந்தி வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னா. அப்பா மட்டும் இல்லன்னா நாங்க இல்லன்னு இன்னிக்கும் வர்றவங்க போறவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்கா, நானும் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.

மறுநாள் அந்த டயரத் தூக்கிட்டுத் தங்கராசு கடைக்குத்தான் போனேன். அவன் கட்டவெரல வச்சு அமுக்கினான், மக்கின துணி மாதிரி சைடு அப்புடியே பிரிஞ்சு போச்சு. ரொம்ப நேரம் பாத்துட்டு, "இதுல சிதம்பரத்துல இருந்து ஆள ஏத்திக்கிட்டு வந்தீங்களா சார்? இது ஓடி இருக்கவே முடியாதே"ன்னான். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நாலு புது டயர் போடச் சொன்னேன். மன்னிச்சுக்கோ தங்கராசுன்னு சொல்லத்தான் போனேன், வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா கடையில ஆள் இருந்தாங்க, சொல்லல. இப்பவும் அவன்கிட்டதான் காத்து புடிக்கிறேன், இன்னும் சொல்லல.

கலைக்குப் பொண்ணு பொறந்துச்சு, யாழினின்னு பேரு. இப்ப நாலு முடிஞ்சு அஞ்சு. வாயாடி சார். சம்மந்திய தாத்தாம்பா, எதுத்த வீட்டுக்காரர தாத்தாம்பா, பால்காரரக் கூட தாத்தாம்பா. என்ன மட்டும் எதுவும் சொல்லிக் கூப்புட மாட்டா. வேணும்னா வந்து சட்டையப் புடிச்சு இழுப்பா, நின்னு மொகத்தப் பாப்பா, அவ்ளோதான். கோவம்னு சொல்ல முடியாது, மடியில ஒக்காருவா, எங்கையால சோறு தின்னுவா. சொல்லிக் குடுத்துப் பாத்தோம், முட்டாய் குடுத்துப் பாத்தோம்.

போன மாசம் லீவுக்கு வந்திருந்தா. கூடத்துல ஒக்காந்து சொப்பு வச்சு வெளையாடிக்கிட்டு இருந்தப்ப விஜயா, "ஏண்டி, ஊர்ல இருக்கிறவனையெல்லாம் தாத்தான்னு கூப்புடற, சொந்தத் தாத்தாவ ஒரு தடவ கூப்புட்டா என்னா?"ன்னு கேட்டா.

அவ தலைய நிமுத்தவே இல்ல. "ரெண்டு தடவ கூப்ட்டேனே"ன்னா.

விஜயா விழுந்து விழுந்து சிரிச்சா, எப்பக் கூப்புட்டன்னு கேட்டா, அந்தப் புள்ள அதுக்குள்ள வேற வெளையாட்டுக்குப் போயிடுச்சு. ரெண்டு தடவன்னு நான் யார்கிட்டயும் சொன்னது இல்ல சார், கூப்புட்டதையே சொன்னது இல்ல. நான் எழுந்து கொல்லப்பக்கம் போயிட்டேன், அவ ஊருக்குப் போற வரைக்கும் அவ மொகத்த நேராப் பாக்க முடியல.