தாய்மாமனுக்கு ஒரு வேட்டி: கோவையிலிருந்து ஊரூர் குப்பம் வரை

மாசியில் எனக்குக் கல்யாணம். தாய்மாமனை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். "மாமன் இல்லாம மணவறை ஏறக் கூடாதுங்க கண்ணு" என்றார். சொன்னவர் கென்யாக்காரர். படிக்க வந்து, சென்னையில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, முப்பது வருஷமாகக் கோவையில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். எங்கள் வீட்டில் சம்பிரதாயம் பார்க்கிறவர் அவர்தான்.

அம்மா ஊரூர் ஒல்காட் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். "உனக்கு முடி அப்பாவோடது, மூக்கும் வாயும் என்னோடது, நிறம் மட்டும் பொது" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். கல்யாணத்தோடு பிறந்த வீடு அவரைத் தலைமுழுகிவிட்டது. அவருடைய தம்பி மட்டும் எனக்குக் காது குத்தியபோது யாருக்கும் தெரியாமல் ரயிலேறி வந்து, என்னை மடியில் வைத்துக்கொண்டார். ஃபோட்டோ இருக்கிறது. அதற்கப்புறம் தொடர்பு இல்லை. மூன்று வருஷம் முன்னால் அம்மா போனபோது, தெரிந்த ஒருவர் மூலமாகக் குப்பத்துக்குச் சொல்லி அனுப்பினோம். யாரும் வரவில்லை. பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமலேயே அம்மாவை எடுத்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் கிளம்பினேன்.

இரவு ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கினால், எதிரே பார்க் ஸ்டேஷன். மாம்பலத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே ரங்கநாதன் தெருதான். கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கடைக்கு வெளியே நின்று கூப்பிடுகிறவர்கள் மற்றவர்களை "வாங்கக்கா" என்றார்கள், என்னை "கம் மேடம்" என்றார்கள். ஒரு கடையில் ஏறி, எட்டு முழத்தில் மயில்கண் கரை வேட்டி எடுத்துப் போடுங்கள் என்றேன். கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். தமிழ் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். வீட்டில்தானுங்க என்றேன். வேட்டி அறுநூற்றைம்பது ரூபாய், பேரம் கிடையாது. வெற்றிலை, பாக்கு, இரண்டு சாத்துக்குடி வெளியே வாங்கிக்கொண்டேன்.

அங்கிருந்து பெசன்ட் நகருக்கு பஸ். சாதாக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், பார்த்து ஏறுங்கள். நான் கை நீட்டியதும் பக்கத்து சீட்டுப் பெரியவர், ஃபாரின்காரங்களுக்கு ஃப்ரீ கிடையாதே என்று நியாயம் பேசினார். கண்டக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பொம்பளதானே சார், அவ்ளோதான் நமக்குக் கணக்கு" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க என்னை ஒரு கேள்வியும் கேட்காத ஒரே ஆள் அவர்தான். நல்லா இருக்கட்டும்.

டெர்மினஸில் இறங்கி, கடற்கரையை வலப்பக்கம் வைத்து நடந்தால் பத்து நிமிஷத்தில் குப்பம். வலைகளும் ஐஸ் பெட்டிகளும் தாண்டி சந்து ஆரம்பிக்கிறது. அம்மன் கோயிலுக்கு அடுத்த மூன்றாவது வீடு என்று அம்மா அடிக்கடி சொல்வார். அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் பட்டுப்புடவைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் பூவும் பழமும். மாமா மகளைக் காசிமேட்டிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பேச்சிலிருந்தே புரிந்தது. நேரம் பார்த்து வந்தேன் பாருங்கள்.

மாமா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஃபோட்டோவில் இருந்த அதே முகம், மீசை மட்டும் வெள்ளை. என் மூக்கையும் வாயையும் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. பையிலிருந்த வெற்றிலையில் கை வைத்தேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் கேட்டார்.

"யாருண்ணா இது?"

மாமா அவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பீச்சுக்கு வழி கேட்டு வந்துகீறாங்க. தோ, காட்டிட்டு வந்துர்றேன்."

சந்துமுனை வரைக்கும் கூடவே நடந்தார். அங்கே நின்று, கடலைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு, வாய் அசையாமல் கேட்டார்.

"எங்கக்கா எப்டி கீது?"

நாங்கள் அனுப்பிய சேதி அவர்வரை வந்து சேரவே இல்லை. மூன்று வருஷமாக நான் வைத்திருந்த கோபம் இந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. மெதுவாகத்தான் சொன்னேன்: "அம்மா இல்லீங்க மாமா. மூணு வருஷமாச்சு."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. பையில் தெரிந்த வேட்டியின் கரையைப் பார்த்தார், எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்திருக்கும். ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை. பந்தலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"ஸ்ட்ரைட்டா போங்க மேடம்" என்றார், பந்தலுக்குக் கேட்கிற மாதிரி.

நான் தமிழில் ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும். உள்ளே அலங்காரம் பண்ணிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளும் எனக்கு முறைக்காரிதான். "தேங்க்யூ சார்" என்று நானும் சத்தமாக இங்கிலீஷில் சொன்னேன்.

கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை கூட்டத்தில் இப்படித் தனியாக நான் இருந்ததே இல்லை. அப்பா போன் செய்தார், மாமன் பாக்கு வாங்கினாருங்களா என்று. கடலுக்குப் போயிருக்கிறாருங்க என்றேன். வேட்டியை அப்பாவே கட்டிக்கொள்ளட்டும்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மீன் நன்றாக இருக்கும். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். குப்பத்திலிருந்து பார்த்தாலே கடற்கரை தெரியும். யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. நானும் கேட்கவில்லை.