ராணி தலை

மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு சாரதாம்பாள் கொண்டை ஊசி விற்றாள். கடை கிடையாது. தமிழ்ப் பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம், அவ்வளவுதான். ஜாசின், அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டப் பெண்கள் கடிதம் போடுவார்கள். இவள் ஊசியோ ரிப்பனோ உறையில் வைத்துத் தபாலில் அனுப்புவாள். புருஷன் அப்பாசாமி துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பொடிந்து படுத்ததிலிருந்து இரண்டு வருஷமாக, வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த ஊசியால்தான்.

முப்பது காசுச் சரக்குக்கு யார் மணியார்டர் கட்டுவார்கள்? பெண்கள் கடிதத்துக்குள்ளேயே தபால் தலைகளை வைத்து அனுப்பினார்கள். தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மளிகைக்கடை உமரிடம் கொடுத்து அரிசி வாங்குவாள். ஊருக்கும் சரக்குக்காரர்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதுகிற மனிதர் அவர். இருவருக்கும் வசதிதான். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் தபால் தலையை விற்றால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தான். அன்று முதல் தபாலாபீசில் வாயே திறக்க மாட்டாள். உறைகளை நீட்டுவாள், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள்.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் என்றே பேச்சு. அந்த மாதக் கடைசியில்தான் உமர் தலைகளைத் திருப்பித் தள்ளினார்.

"இனிமே இது வேணாம் தங்கச்சி. பக்கத்து ஜொகூர் ஸ்டாம்புல சுல்தான் தலை, தப்பிச்சுச்சு. நம்ம மலாக்கா ஸ்டாம்புல ராணி தலைல்ல இருக்கு. வெள்ளக்காரன் போயிட்டா இது வெறும் காயிதம்னு பாசார்ல பேசிக்கிறாங்க."

"யாரு சொன்னது, உமர் நானா?"

"எல்லாருந்தான்."

எல்லாரும் சொன்னால் போதாதா. தீபாவளிச் சரக்கு எடுப்பதற்கென்று ஏழு மாதமாக வயிற்றைக் கட்டிச் சேர்த்த தலைகள் தகரப்பெட்டி நிறைய இருந்தன. அத்தனையிலும் ராணி. தபாலாபீசில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், இத்தனை ஸ்டாம்பு உனக்கு ஏது என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்களே. அப்புறம் படுத்துக் கிடக்கிறவருக்கு யார் கஞ்சி ஊற்றுவது?

செல்லும்போதே செலவழித்துவிடுவது என்று முடிவு கட்டினாள். பழைய கடிதங்களைக் கொட்டி நூற்றுப் பன்னிரண்டு விலாசங்களைப் பொறுக்கினாள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் வீட்டிலிருந்த ஊசி, ரிப்பன், ஊக்கு எல்லாவற்றையும் பங்கு போட்டு உறையில் இட்டாள். கேட்காத சரக்குக்கு விலை எழுதக் கை கூசியது. "சுதந்திரத் திருநாள் வாழ்த்து. உங்கள் மனம்போல் அனுப்புங்கள்" என்று சீட்டெழுதி, நல்ல காரியமாயிற்றே என்று நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். எப்படியும் வீணாகப் போகிற தலைகள்தானே என்று ஒவ்வொரு உறையிலும் வேண்டியதற்கு நாலைந்து மடங்கு ஒட்டித் தீர்த்தாள். முப்பதாம் தேதி பிற்பகல் மூட்டையைத் தபாலாபீசில் கொடுத்துவிட்டு வந்தபோது பெட்டி காலி. அவளுக்கு அன்று நெஞ்சு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது, பாவம்.

கொண்டாட்டம் முடிந்து தபாலாபீஸ் திறந்ததும், கைக்காசைக் கொடுத்து ஒரு புதுத் தலை கேட்டாள். கவுண்டரில் இருந்த கிராணி கருணாகரன் கிழித்துக் கொடுத்தார். அதில் அதே ராணி.

"ஐயா, இது இன்னும் செல்லுங்களா?" இரண்டு வருஷத்தில் அவள் அங்கே பேசிய முதல் பேச்சு அதுதான்.

"செல்லாததயா விப்போம்? வேற ஸ்டாம்பு வந்தாலும் இதயும் ஒட்டலாம்மா." அவர் அவளை உற்றுப் பார்த்தார். "அன்னிக்கு மூட்டையோட வந்தது நீங்கதானே? அத்தன ஸ்டாம்பு ஏன்னு கேக்க வந்தேன். பேசாமப் போற ஆளாச்சேன்னு விட்டுட்டேன்."

"அதயெல்லாம் திருப்பி எடுக்க முடியுங்களா?"

"அன்னிக்கே பஸ் ஏறிடுச்சும்மா."

வீடு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பத்து நாள் தபால்காரனுக்காக வாசலில் காத்துக் கிடந்தாள். மூன்று பேர் காசு அனுப்பினார்கள். அது இரண்டு நாள் அரிசிக்குக்கூடக் காணவில்லை. அடுத்து வந்தது ஜாசின் தோட்டத்து அஞ்சலையின் கடிதம்.

"அக்கா, சுதந்திரத்துக்கு மஞ்சள் தடவி நீங்கள் சீர் அனுப்பியதைப் பார்த்து எங்கள் லயத்து வரிசை வீடெல்லாம் சந்தோஷப்பட்டது. கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள். எங்கள் லயத்தில் இன்னும் எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். ஏங்குகிறார்கள். அவர்களுக்கும் அனுப்பினால் புண்ணியமாகப் போகும்." கீழே எட்டுப் பெயர்கள்.

அப்பாசாமியின் முன்னால் அழுவதில்லை என்ற வைராக்கியம் மூன்றாவது பெயரிலேயே உடைந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"யாரு புள்ள, ஆர்டரா?" கட்டிலிலிருந்து அவன் கேட்டான்.

"ஆமாங்க," என்றாள் சாரதாம்பாள். "எட்டுப் பேரு."